சின்ன ஆபீஸ் நெட்வொர்க்கில் ஆன்டிவைரஸ் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து முதல் முப்பது கம்ப்யூட்டர் வரை இருக்கும் அலுவலகங்களில் இதற்கென்று தனி ஆள் இருக்க மாட்டார். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று யாராவது ஒருவர் தலையில் வேலையைக் கட்டியிருப்பார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை வைத்து எழுதியவை.

விண்டோஸ்லயே டிஃபெண்டர் இருக்கே, தனியா காசு கொடுத்து வேற வாங்கணுமா?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் டிஃபெண்டர் முழுமையான ஆன்டிவைரஸ்தான். ஐந்தாறு கம்ப்யூட்டர் உள்ள இடத்தில், அப்டேட் ஒழுங்காக நடந்தால், பலருக்கு அதுவே போதும். காசு கொடுத்து வாங்கும்போது முக்கியமாகக் கிடைப்பது கன்சோல். எதில் அப்டேட் நின்றுபோயிருக்கிறது, எதில் என்ன பிடிபட்டது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பார்ப்பது நடக்காது. போவோம் என்று சொல்வோம், போக மாட்டோம்.

மற்ற நிறுவனங்களின் இலவசப் பதிப்புகளைப் போடுவதற்கு முன் லைசென்ஸைப் படித்துவிடுங்கள். பல பதிப்புகள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். கிராக் செய்த ஆன்டிவைரஸ் வேண்டவே வேண்டாம். திருடனிடமே பூட்டு வாங்குகிற கதை அது.

ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா ரெட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை, ரெட்டைத் தலைவலி. நிகழ்நேரப் பாதுகாப்பு என்பது, ஒரு ஃபைல் திறக்கப்படும்போது நடுவில் நின்று சோதிக்கிற வேலை. ஒன்று சோதிப்பதற்காக ஃபைலைத் திறக்கும், உடனே மற்றது "யாரோ திறக்கிறார்களே" என்று தானும் சோதிக்கும். கம்ப்யூட்டர் ஹேங் ஆகும். ஒன்று குவாரன்டைனில் பூட்டி வைத்ததை மற்றது வைரஸ் என்று பிடிப்பதும் உண்டு.

சாதாரண விண்டோஸில் வேறு ஆன்டிவைரஸைப் போட்டவுடன் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். விண்டோஸ் சர்வரில் அப்படி ஒதுங்காது. சர்வர் 2016 முதல் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. வேறு ஒன்றைப் போட்டால் இதை நாமாகத்தான் நீக்கவோ அடக்கவோ வேண்டும். "சர்வர் மட்டும் மெதுவா இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சந்தேகத்துக்கு எப்போதாவது ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் ஸ்கேனர், நிகழ்நேரப் பாதுகாப்பு இல்லாத வகை என்றால், கூடவே இருக்கலாம்.

பச்சை டிக் காட்டுது. நிஜமாவே வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அதற்கென்றே ஐகார் என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட ஒரே வரி, ஒரு தீங்கும் செய்யாது. எல்லா ஆன்டிவைரஸ்களும் இதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அந்த வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். சேமித்த நொடியில், அல்லது திறக்கப் போகும்போது, எச்சரிக்கை வர வேண்டும்.

இதை மூன்று இடத்தில் செய்து பாருங்கள்: டெஸ்க்டாப், பென்டிரைவ், சர்வரின் ஷேர் ஃபோல்டர். ஒவ்வொரு முறையும் கன்சோலில் அந்தச் செய்தி வந்து சேர்கிறதா என்றும் கவனியுங்கள். ஒரு அலுவலகத்தில் இப்படிச் சுற்றி வந்தபோது ஒன்பது கம்ப்யூட்டரில் இரண்டு வாயே திறக்கவில்லை. பிரிண்டர் டிரைவர் போடுவதற்காக யாரோ "கொஞ்ச நேரம்" பாதுகாப்பை நிறுத்தியிருக்கிறார்கள். அது எத்தனை மாதத்துக்கு முன் என்று யாருக்கும் நினைவில்லை. செட்டிங்ஸுக்குப் பாஸ்வேர்டு போடுவதும், டேம்பர் புரொடெக்‌ஷன் என்ற வசதியை இயக்கி வைப்பதும் இதற்காகத்தான்.

அப்டேட் ஆகவே மாட்டேங்குது. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டுடட்டுமா?

அதைக் கடைசியில் செய்யலாம். முதலில் திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். அப்டேட் சர்வரோடு பேசும்போது சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும். தேதி தப்பாக இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது, அப்டேட்டும் நடக்காது. விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அப்டேட் பிழை என்று எனக்கு ஒரு தொடர் புகார் வந்துகொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருந்தது. விடுமுறைக்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து போட்டால் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் போயிருக்கும். சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றியதோடு புகார் நின்றது. அதற்குள் அந்த ஆன்டிவைரஸை மூன்று முறை அழித்துப் போட்டிருந்தார்கள்.

தேதி சரி என்றால் அடுத்து சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட்டை இறக்கினால் மட்டும் போதாது, விரிக்கவும் இடம் வேண்டும். பிறகு ஆன்டிவைரஸின் சர்வீஸ் ஓடுகிறதா, பழைய ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகு சர்வர்) முகவரி எங்காவது செட்டிங்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற தளங்கள் எல்லாம் திறந்து, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களும் விண்டோஸ் அப்டேட்டும் மட்டும் திறக்கவில்லை என்றால் விஷயம் வேறு. 2008இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் செய்த வேலை இது: பாதுகாப்புத் தளங்களின் பெயரைத் தேடவே விடாது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தத் தளப் பெயருக்கு எந்த முகவரி என்று விண்டோஸ் பார்க்கும் பட்டியல்) வரிகளைச் சேர்த்து இதையே செய்யும் வைரஸ்களும் உண்டு. அந்த ஃபைல் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று போனால் கிடைக்கும். அதில் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை.

காலையில எல்லாரும் கம்ப்யூட்டரைப் போட்டதும் நெட்டே நகர மாட்டேங்குது. அப்டேட்தான் இழுக்குதாம்.

இருபது கம்ப்யூட்டரும் ஒரே ஃபைலைத் தனித்தனியாக இறக்கினால் அப்படித்தான் ஆகும். அலுவலகப் பதிப்புகளில் பெரும்பாலும், ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இணையத்திலிருந்து இறக்கி மற்றவற்றுக்குப் பரிமாறுகிற வசதி இருக்கும். அதற்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டராகத் தேர்ந்தெடுங்கள். முதலாளியின் லேப்டாப்பில் அதை வைத்துவிட்டு, அவர் வெளியூர் போனதும் யாருக்கும் அப்டேட் வராமல் தவித்த இடமும் உண்டு.

கன்சோல்ல ரெண்டு கம்ப்யூட்டர் மட்டும் "தொடர்பில் இல்லை"ன்னு காட்டுது. ஆனா பிங் போகுதே?

பிங் (அந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போனால் கேபிளும் ஐபி முகவரியும் சரி என்றுதான் அர்த்தம். ஆன்டிவைரஸ் ஏஜென்ட், அதாவது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருந்து கன்சோலுக்குத் தகவல் அனுப்பும் நிரல், பேசுவது வேறு வாசல் வழியாக. ஈசெட் புரொடெக்ட் என்றால் வழக்கமாக 2222, காஸ்பர்ஸ்கி செக்யூரிட்டி சென்டர் என்றால் 13000 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண் உண்டு. ஃபயர்வால் அந்த எண்ணை அடைத்திருந்தாலும் பிங் ஜோராகப் போகும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளைக்கு சர்வர் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால், வாசல் திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும்.

வாசல் திறந்திருந்தால் ஏஜென்ட் சர்வீஸ் நின்றுபோயிருக்கலாம், அல்லது அது சர்வரின் பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கலாம். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நாளில் காணாமல் போனால், ரௌட்டர் மறுபடி இயங்கியபோது சர்வருக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டதா என்று பாருங்கள். சர்வருக்கு நிலையான முகவரி வைத்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

மொத்தம் 12 கம்ப்யூட்டர். கன்சோல்ல 11தான் இருக்கு. ஒண்ணோட பேரு மாறி மாறி வருது!

பேய் எல்லாம் இல்லை, குளோன் எடுத்ததன் விளைவு. ஆன்டிவைரஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கை அப்படியே இன்னொன்றுக்குப் பிரதி எடுத்திருப்பீர்கள். ஏஜென்ட் போடப்படும்போது தனக்கு ஒரு அடையாள எண் வைத்துக்கொள்ளும். பிரதியில் அதே எண்தான் இருக்கும். இரண்டில் எது கடைசியாகப் பேசியதோ அதன் பெயரைக் கன்சோல் காட்டும். ஒன்றில் ஏஜென்டை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அடுத்த முறை குளோன் எடுத்து முடித்த பிறகு ஆன்டிவைரஸ் போடுங்கள்.

இதற்கு நேர்மாறாக 12 கம்ப்யூட்டருக்கு 15 தெரிந்தால், ஃபார்மட் செய்தவையும் தூக்கிப்போட்டவையும் பட்டியலில் இருக்கின்றன. அவை லைசென்ஸையும் பிடித்துக்கொண்டிருக்கும். அழித்துவிட்டால் போதும், புது லைசென்ஸ் வாங்க ஓட வேண்டாம்.

ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து கணக்கு சாஃப்ட்வேர் ஆமை மாதிரி ஓடுது. எடுத்துடலாமா?

எடுக்க வேண்டாம். முதலில் காரணம் அதுதானா என்று உறுதி செய்யுங்கள். ஏதாவது ஒரு ரிப்போர்ட்டை எடுத்து எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். பிரவுசரையும் மெயிலையும் மூடிவிட்டு, ஐந்து நிமிடம் நிகழ்நேரப் பாதுகாப்பை நிறுத்தி அதே ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். உடனே பாதுகாப்பைத் திரும்பப் போடுங்கள் (மேலே சொன்ன பிரிண்டர் டிரைவர் கதையை நினைத்துக்கொண்டு). நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

வித்தியாசம் இருந்தால் விலக்கு கொடுக்கலாம், அதாவது குறிப்பிட்ட ஃபைல்களைச் சோதிக்காமல் விடச் சொல்லலாம். டேட்டாபேஸ் ஃபைல்கள் நொடிக்கு நொடி எழுதப்படுபவை. எழுதும் ஒவ்வொரு முறையும் சோதனை என்றால் தாங்காது. மைக்ரோசாஃப்டே எஸ்க்யூஎல் சர்வர் என்ற தன் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரின் எம்டிஎஃப், எல்டிஎஃப் ஃபைல்களை விலக்கி வைக்கச் சொல்கிறது. உங்கள் கணக்கு சாஃப்ட்வேர் நிறுவனமும் எந்த ஃபோல்டரை விலக்கலாம் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விலக்குங்கள். மொத்த டி டிரைவையும் விலக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வைரஸும் அங்கேதான் போய்க் குடியேறும். டவுன்லோட்ஸ், டெம்ப் ஃபோல்டர்களை எந்தக் காரணத்துக்காகவும் விலக்காதீர்கள்.

இன்னொன்று: சர்வரில் உள்ள ஃபைலை மற்ற கம்ப்யூட்டரிலிருந்து திறக்கும்போது சர்வரிலும் சோதனை, இங்கேயும் சோதனை என்று இரண்டு முறை நடக்கலாம். சர்வரில் ஆன்டிவைரஸ் ஒழுங்காக ஓடுகிறது என்று ஐகார் வைத்து உறுதி செய்த பிறகு, மற்றவற்றில் நெட்வொர்க் டிரைவ் ஸ்கேனை நிறுத்திப் பாருங்கள்.

முழு ஸ்கேனை எப்ப வைக்கிறது? காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு உயிரை வாங்குது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வையுங்கள். இரவில் வைத்தால் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும். தவறிய ஸ்கேனை மறுநாள் காலையில் பிடித்துக்கொள்வோம் என்று பத்து மணிக்கு ஆரம்பிக்கும். நீங்கள் சொல்வதும் இதுவாகத்தான் இருக்கும். வாரம் ஒருமுறை போதும், நிகழ்நேரப் பாதுகாப்பு தினமும் இருக்கிறதே. பழைய ஹார்டு டிஸ்க் உள்ளவை எப்போது ஓட்டினாலும் திணறும். அவற்றுக்கு எஸ்எஸ்டி மாற்றுவதுதான் வழி.

ஷேர் ஃபோல்டர்ல அதே வைரஸ் தினமும் மாட்டுது. அழிக்க அழிக்க வருதே, சர்வரை ஃபார்மட் பண்ணணுமா?

சர்வரைத் தொடாதீர்கள். "பிடிபட்ட இடம்: சர்வர்" என்று கன்சோல் சொல்வதால் எல்லோரும் சர்வரையே போட்டு உருட்டுகிறார்கள். பெரும்பாலும் சர்வர் வாங்கிக் கட்டிக்கொள்கிற பக்கம்தான். நெட்வொர்க்கில் வேறு ஏதோ ஒரு கம்ப்யூட்டர் ஷேர் வழியாக எழுதுகிறது, சர்வரின் ஆன்டிவைரஸ் அழிக்கிறது, அது மறுபடி எழுதுகிறது. கண்டுபிடிக்க வேண்டியது எழுதுகிற கையை.

முதலில் ஆன்டிவைரஸின் லாகை (நடந்ததை எல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு) திறந்து நேரத்தைப் பாருங்கள். சில ஆன்டிவைரஸ் எந்த ஐபியிலிருந்து எழுதப்பட்டது என்றே போட்டிருக்கும், அப்படியென்றால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரில் பிடிபடாமல் தங்கிப்போன விசித்திரமான ஃபைல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து (திறக்காமல்!) அதன் ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். ஓனர் என்ற இடத்தில் யாருடைய லாகின் அதை உருவாக்கியது என்று இருக்கும். சர்வரின் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியில் செஷன்ஸ் என்று பார்த்தால், அந்த நேரத்தில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று தெரியும். எல்லோரும் ஒரே யூசர் பெயரில் நுழைகிற அலுவலகம் என்றால் ஓனர் உதவாது. எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் பார்த்த ஒரு இடத்தில் தினமும் ஒன்பதே முக்கால் வாக்கில் ஒரு எச்சரிக்கை வரும். கன்சோலில் எல்லாம் பச்சை. விடுமுறை நாளில் மட்டும் வராது. ஒரு நாள் அந்த நேரத்தில் ஸ்விட்ச் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்பது நாற்பதுக்கு, அணைந்திருந்த ஒரு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு அலமாரிக்குப் பின்னால் மானிட்டர் இல்லாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்று, வருகைப் பதிவுக் கருவிக்காக வைத்தது. யார் பட்டியலிலும் அது இல்லை, அதில் ஆன்டிவைரஸும் இல்லை. விண்டோஸ் 7க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 14 அன்று. கன்சோலில் எல்லாம் பச்சையாக இருந்ததில் ஆச்சரியமில்லை. கன்சோலுக்குத் தெரியாததை அது எப்படிக் காட்டும்? ரௌட்டரின் டிஹெச்சிபி பட்டியலையும் (எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த ஐபி கொடுத்தது என்ற பட்டியல்) கன்சோல் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே அகப்பட்டிருக்கும்.

பிடித்த பிறகு ஷேருக்குத் திரும்புங்கள். "எவ்ரிஒன்" என்பதற்கு முழு அனுமதி இருந்தால் எடுத்துவிட்டு, எழுத வேண்டியவர்களுக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள்.

பென்டிரைவ்ல இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. ஃபைல் போயிடுச்சா?

போகவில்லை, ஒளிந்திருக்கிறது. வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதை அழுத்தினால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும். அதனால்தான் பலருக்கு நாள்கணக்கில் தெரிவதில்லை. ஷார்ட்கட்டைத் தொடாமல், ஆன்டிவைரஸ் உயிரோடு உள்ள கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்துவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். மங்கலாகத் தெரியும் ஃபோல்டர்கள் உங்களுடையவை. வெளியே நகல் எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். அப்புறம், அது கடைசியாக எந்தக் கம்ப்யூட்டரில் சொருகப்பட்டது என்று விசாரியுங்கள். அங்கேதான் ஊற்று.

எங்க சாஃப்ட்வேர் ஃபைலையே வைரஸ்னு தூக்கிடுச்சு. திரும்ப எடுத்துடலாமா?

குவாரன்டைன் என்பது அழிப்பது இல்லை, பூட்டி வைப்பது. திரும்ப எடுக்கலாம், அவசரப்படாமல். வைரஸ்டோட்டல் தளத்தில் ஒரு ஃபைலைக் கொடுத்தால் பல ஆன்டிவைரஸ்களின் கருத்தை ஒரே இடத்தில் காட்டும். ஒன்றிரண்டு மட்டும் பிடித்து, பெயரும் பொதுப்படையாக இருந்தால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதிக்கு மேல் பிடித்தால் ஃபைலை மறந்துவிடுங்கள், எவ்வளவு வருடமாக வைத்திருந்தாலும் சரி.

அங்கே ஏற்றும் ஃபைல் மற்றவர்கள் கைக்கும் போகும். சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் உள்ள எதையும் ஏற்றாதீர்கள். ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 கைரேகை எண்ணை மட்டும் எடுத்துத் தேடலாம். வேறு யாராவது அதே ஃபைலை ஏற்கெனவே ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும். தவறான எச்சரிக்கை என்று தெரிந்தால் ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். நாமாக விலக்கு கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட அது மேல்.

ஆன்டிவைரஸ் அப்டேட்டே கம்ப்யூட்டரைப் படுக்க வைக்குமாமே, உண்மையா?

உண்மைதான். 2010 ஏப்ரலில் மெக்காஃபி அப்டேட் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று எடுத்துவிட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. பல இடங்களில் ஆள் நேரில் போய் சேஃப் மோடில் (விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் இயக்கும் நிலை) ஏற்றி அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

இதற்குப் பயந்து அப்டேட்டை நிறுத்துவது தப்பு. உங்கள் கன்சோலில் வசதி இருந்தால், புதிய பதிப்பு முதலில் ஒன்றிரண்டு கம்ப்யூட்டருக்கும் மறுநாள் மற்றவற்றுக்கும் போகும்படி வையுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் மீட்பு எண்களைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். சர்வரிலேயே சேமித்து, சர்வரே எழுந்திருக்காமல் போன கதை வேண்டாம்.

ஸ்க்ரீன் மூலையில "5 வைரஸ் இருக்கு, உடனே கிளிக் பண்ணுங்க"ன்னு வருது. ஆனா ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை.

அது உங்கள் ஆன்டிவைரஸ் இல்லை, பிரவுசர் அறிவிப்பு. ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்டபோது யாரோ அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்கினால் நின்றுவிடும். அதில் வரும் போன் எண்ணுக்கு யாரும் பேசாதபடி மட்டும் சொல்லி வையுங்கள்.

புது ஆன்டிவைரஸ் போட்டதும் பிரிண்டரும் காணோம், ஷேரும் காணோம்.

கூடவே வந்த ஃபயர்வால் உங்கள் அலுவலக நெட்வொர்க்கைப் பொது இடம் என்று நினைத்துக்கொண்டது. ஆன்டிவைரஸின் ஃபயர்வால் பகுதியிலும், விண்டோஸின் நெட்வொர்க் செட்டிங்ஸிலும், பப்ளிக் என்பதை பிரைவேட் என்று மாற்றுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்தினாலும் பிரிண்டர் வரும்தான், ஆனால் அது தீர்வு இல்லை.

பழைய ஆன்டிவைரஸ் போகவே மாட்டேங்குது. பாஸ்வேர்டு தெரிஞ்சவர் வேலையை விட்டுப் போயிட்டார்.

கன்சோல் உங்கள் கையில் இருந்தால் பாலிசியில் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கன்சோலிலிருந்து போகும் செட்டிங்ஸ்) அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். கன்சோலும் இல்லை என்றால், அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி ஓட்டுங்கள். சிலவற்றை சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். ஃபோல்டரை டிலீட் செய்து பார்க்காதீர்கள். டிரைவர் உள்ளேயே தங்கிப்போய், புதியது போட்டதும் மேலே சொன்ன ரெட்டைத் தலைவலி தொடங்கும்.

எல்லாம் பச்சையா இருந்துச்சு. ஆனா காலையில வந்து பார்த்தா எல்லா ஃபைலும் லாக் ஆகி, பணம் கேட்டு ஒரு நோட்டு. எப்படி?

முதலில் செய்ய வேண்டியது: ஸ்விட்சிலிருந்து கேபிள்களைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், பேக்கப் டிஸ்க் சொருகியிருந்தால் பிடுங்குங்கள். கேள்வியெல்லாம் பிறகு. பணம் கேட்கும் குறிப்பையும் லாக் ஆன ஒன்றிரண்டு ஃபைலையும் அப்படியே வைத்திருங்கள். எந்த வகை என்று தெரிந்துகொள்ள அவைதான் தடயம். சில வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவிகள் உண்டு. நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல், இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் தேடலாம். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பித்தது என்பதை, ஷேர் ஃபோல்டர் கேள்வியில் சொன்ன ஓனர் வழியிலேயே பார்க்கலாம்.

எப்படி வந்தது என்றால், இரண்டு வழிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, வீட்டிலிருந்து வேலை பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) நேராக இணையத்துக்குத் திறந்து வைத்தது. பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வருபவர் அட்மினாகவே வருகிறார், ஆன்டிவைரஸை அவரே நிறுத்துகிறார். இரண்டாவது, விண்டோஸ் அப்டேட் போடாதது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைப்பு கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஓட்டையை அடைப்பது ஆன்டிவைரஸின் வேலை இல்லை.

இத்தனையும் பார்த்துட்டோம், சரியாகலை. எப்பதான் ஃபார்மட் பண்றது?

கழற்றிய கேபிளோடு ஒரு ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். டிஃபெண்டரிலேயே அந்த வசதி உண்டு: விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, கால் மணி நேரம் போலச் சோதிக்கும். அதன் பிறகும் அதே பெயர் மறுபடி பிடிபட்டால், அல்லது யாரோ அட்மினாக உள்ளே வந்து போனது உறுதி என்றால், ஃபார்மட்தான். சுத்தம் செய்துவிட்டோம் என்று நம்பி விடுகிற கம்ப்யூட்டர்தான் அடுத்த மாதமும் கூப்பிடும்.

ஃபார்மட்டுக்கு முன் லாகை வெளியே நகல் எடுங்கள். முடிந்ததும் விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ், ஐகார் சோதனை என்ற வரிசையில் போய், அதற்குப் பிறகு ஷேரில் இணையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றுங்கள். கன்சோலில் பழைய பெயரை நீக்க மறக்காதீர்கள், லைசென்ஸ் கணக்கு இடிக்கும்.